நிக்நேம் என்ற சொல்லில் 'நிக்' என்பது என்ன?

வளர்பிறை: 'நிக்நேம்' என்ற ஆங்கிலச் சொல்லில் வரும் 'நிக்' எங்கிருந்து வந்தது என்பதைத் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன். நாளை வகுப்பில் சொல்ல வேண்டும். தேடியதில் முரணான விளக்கங்களே கிடைக்கின்றன.

கல்லணையான்: எந்த வகுப்பு, எந்தெந்த விளக்கங்களைப் பார்த்தீர்கள்? பட்டப்பெயரைக் கேட்கிறீர்களா, இணையத்தில் பயனர்கள் வைத்துக்கொள்ளும் 'நிக்'கைக் கேட்கிறீர்களா?

செங்காந்தள்: 'நிக்' என்றால் சிறு வெட்டு. தாமஸ் என்பவர் டாம் ஆவதுபோல, முழுப்பெயரை வெட்டிச் சுருக்குவதால்தான் இச்சொல் பிறந்தது என்பது என் உறுதியான கருத்து.

ஏடகன்: அகராதியைப் புரட்டாமல் ஒலி ஒற்றுமையை மட்டும் நம்பிச் சொற்பிறப்பு கூறுவதை இங்கே பலமுறை கண்டித்திருக்கிறேன். வெட்டியதுதான் நிக்நேம் என்றால், இயற்பெயரோடு தொடர்பே இல்லாத 'ஷார்ட்டி' எப்படி நிக்நேம் ஆகும்? பழைய வடிவம் 'ஈக்நேம்'. 'ஈக்' என்பதற்குக் 'கூட, மேலும்' என்று பொருள். ஆகவே இயற்பெயருக்கு மேல் கூடுதலாக வந்த பெயர். தமிழில் உயிரெழுத்துக்கு முன் 'ஓர்' வருவதுபோல ஆங்கிலத்தில் உயிரொலிக்கு முன் 'ஆன்' வரும். 'ஆன் ஈக்நேம்' என்று சேர்த்துச் சொல்லச் சொல்ல, னகரம் அடுத்த சொல்லில் ஒட்டிக்கொண்டு 'அ நீக்நேம்' ஆயிற்று. 1440 வாக்கில் தொகுக்கப்பட்ட 'புரோம்ப்டோரியம் பார்வுலோரம்' என்ற ஆங்கில–இலத்தீன் அகராதி இரு வடிவங்களையும் அருகருகே தருகிறது. ஸ்வீடிய மொழியில் ஏளனப் பெயருக்கு இன்றும் 'ஓக்நம்ன்' என்ற இனச்சொல்லே வழங்குகிறது.

பொருநை: நம் நாரத்தையோடு உறவுடைய 'ஆரஞ்சு' என்ற சொல்லும் இப்படித்தான், எதிர்த்திசையில், முதலெழுத்தை இழந்தது.

ஏடகன்: அது ஆங்கிலத்தில் நிகழ்ந்ததன்று. பழைய பிரெஞ்சிலேயே முதலில் இருந்த 'ந்' ஒலி போய்விட்டது. ஸ்பானியத்தில் அது 'நராங்ஹா' என்று நிலைத்திருக்கிறது. சரியான சான்று வேண்டுமென்றால் 'ஏப்ரன்' என்பதைச் சொல்லுங்கள். அது 'நாப்ரன்' என்று இருந்தது. அதே வேரில் பிறந்த 'நாப்கின்' அந்த 'ந்' ஒலியை இன்னும் வைத்திருக்கிறது.

பொருநை: பிரெஞ்சிலும் 'ஒரு' என்று பொருள்படும் சொல் னகரத்தில்தான் முடிகிறது. மொழி வேறானாலும் அதே வகை மாற்றம்தான் என்பதால், ஆரஞ்சை ஒதுக்கத் தேவையில்லை.

வளர்பிறை: எட்டாம் வகுப்பு. 'ஓர்' ஒப்பீட்டையும் ஏப்ரனையும் எடுத்துக்கொள்கிறேன். அனைவருக்கும் நன்றி.

கல்லணையான்: நேரமிருந்தால் 'சர்நேம்' என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதன் முன்பகுதி 'மேல்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல். இன்று குடும்பப்பெயரைக் குறித்தாலும், முதலில் அதுவும் ஒருவருக்குக் கூடுதலாக வந்த அடைப்பெயரையே குறித்தது.