எல்லா டிஸ்க்கும் ஒன்றுதானாம்!

மேல்காத்து:
நேற்று இங்கே, நம் அல்டிமேட் ஆட்டத்தில் வீசிப் பிடிக்கும் பிளாஸ்டிக் தட்டைப் பற்றி ஒருவர் எழுதியிருந்தார்: "வீசத் தெரிந்தவனுக்கு எந்தக் கம்பெனி டிஸ்க்கும் ஒன்றுதான், எல்லாமே 175 கிராம்." படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. அல்ட்ராஸ்டார் டிஸ்க்கிலேயே ஏழெட்டு வருடம் பழகிய கை இது. போன மாதம் வெளியூர் போட்டியில் வேறொரு டிஸ்க்கைக் கொடுத்தார்கள். ஃபிளிக் (மணிக்கட்டைச் சுண்டி வீசுவது) வீச நடுவிரலை உள்விளிம்பில் ஊன்றினால், வழக்கமாகத் தட்டுப்படும் இடத்தில் விளிம்பே இல்லை. முதல் மூன்று ஃபிளிக்கும் தள்ளாடிக்கொண்டே போய் மண்ணைக் கவ்வின. இதுவும் அதுவும் ஒன்றா?

தராசு:
எழுதியது நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். அல்ட்ராஸ்டார் 175. பல்சர் 175. யூரோடிஸ்க் 175. கை தள்ளாடினால் டிஸ்க்கும் தள்ளாடும்.

பாலவாக்கம் பையன்:
பல்சர் 150 சிசி என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன் அண்ணே.

ஹேமர் அக்கா:
ஒரு கிலோ இட்லி அரிசியும் ஒரு கிலோ பாஸ்மதியும் ஒரே எடைதான் தம்பி. பாஸ்மதியில் இட்லி அவித்துக் காட்டுங்கள், பார்க்கலாம். விளிம்பின் உயரம், பிளாஸ்டிக்கின் வழுவழுப்பு, மேற்புறத்தின் குவிவு, இதெல்லாம் கணக்கில் இல்லையா? எதிர்க்காற்றில் முன்விளிம்பு கொஞ்சம் தூக்கினாலே டிஸ்க் மேலே ஏறி நின்றுவிடும். குவிவு மாறினால் அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்பதும் மாறும். எடை மட்டும் போதுமென்றால் டிஸ்க்கை வடிவமைத்த எட் ஹெட்ரிக் 1967-ல் மேற்புறத்து வளையக் கோடுகளுக்குக் காப்புரிமை வாங்கியிருக்க வேண்டாமே!

தராசு:
கோடு வேறு, எடை வேறு. நான் பேசுவது எடையைப் பற்றி. நகை நிறுக்கும் தராசில் என் மூன்று டிஸ்க்கையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். 174, 175, 175.

மேல்காத்து:
அப்போ அந்த ஒரு கிராம் எங்கே போச்சு?

தராசு:
தேய்மானம். கடற்கரையில் ஆடுகிறவன் டிஸ்க் தேயத்தான் செய்யும். நீங்கள் புல்தரை ஆள், உங்களுக்குத் தெரியாது.

பழைய கை:
சண்டையை விட்டு வேலையைப் பாருங்கள். புது டிஸ்க் கையில் வந்தால் ஆட்டத்துக்கு முன் அரை மணி நேரம் அதையே வீச வேண்டும். முதலில் குட்டை ஃபிளிக், அப்புறம் நீளமானது. வியர்வைக் கையில் புது பிளாஸ்டிக் வழுக்கும், மணலில் கொஞ்சம் புரட்டித் துடைத்தால் சரியாகும்.

தராசு:
உங்களை யாரும் கேட்கவில்லை சார். 1968-ல் நியூ ஜெர்சி மேப்பிள்வுட்டில் பள்ளிக்கூடப் பையன்கள் இந்த ஆட்டத்தை ஆரம்பித்தபோது அல்ட்ராஸ்டாரா வைத்திருந்தார்கள்? கிடைத்ததை வைத்து ஆடினார்கள். ஆடத் தெரியாதவனுக்குத்தான் பிராண்ட்.

ஹேமர் அக்கா:
கிடைத்ததே போதுமென்றால் அமெரிக்க அல்டிமேட் சங்கம் 1991-ல் எதற்கு அல்ட்ராஸ்டாரை அதிகாரபூர்வ டிஸ்க் ஆக்கியது?

தராசு:
அது 175 கிராம் என்பதால்.

புதுசு:
குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஃப்ரிஸ்பீ பற்றித்தானே பேசுகிறீர்கள்?

மேல்காத்து:
டிஸ்க் என்று சொல்லுங்கள். ஃப்ரிஸ்பீ என்பது வாம்-ஓ கம்பெனியின் வணிகப் பெயர்.

பாலவாக்கம் பையன்:
எங்கள் தெருவில் எல்லோரும் ஃப்ரிஸ்பீ என்றுதான் சொல்கிறோம். தெருவுக்கே நோட்டீஸ் அனுப்புவீர்களா?

மேல்காத்து:
அந்தத் தெருவில் ஆடி வந்ததால்தான் கடைசிப் பாயின்ட்டில் நெஞ்சுக்கு நேராக வந்ததைக் கீழே போட்டாய்.

பாலவாக்கம் பையன்:
நெஞ்சுக்கு நேராகவா? முழங்காலுக்குக் கீழே வந்தது! ஒரு வருடமாக இதையே சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். அன்றைக்கும் அல்ட்ராஸ்டார்தானே உங்கள் கையில்? அப்போது விளிம்பு தட்டுப்பட்டதா?

தராசு:
தம்பி கேட்டான் பார், அதுதான் கேள்வி. பழகிய டிஸ்க்கிலும் முழங்காலுக்குக் கீழே, பழகாத டிஸ்க்கிலும் மண்ணில். ஆக, கோளாறு டிஸ்க்கில் இல்லை. 175!

ஹேமர் அக்கா:
நடுவர் இல்லாத ஆட்டம் என்று பெருமை அடிக்கிறோம். ஆட்டம் முடிந்ததும் எதிரணியின் நேர்மைக்கும் பண்புக்கும் போடும் ஸ்பிரிட் மதிப்பெண்ணை இந்த இழைக்குப் போட்டால் எல்லோருக்கும் சைபர்தான். போகட்டும். தராசு தம்பி, போன கோடையில் என்னிடம் ஒரு டிஸ்க் இரவல் வாங்கினீர்களே, அது எங்கே?

தராசு:
பத்திரமாக இருக்கிறது.

ஹேமர் அக்கா:
பத்திரமாகவா? மத்தியான வெயிலில் பூட்டிய காருக்குள் போட்டு வைத்து, அப்பளம் மாதிரி வளைந்து கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஓரமெல்லாம் மணல் உரசிய பிசிறு வேறு. அதில் ஒரு ஃபிளிக் வீசிப் பாருங்கள், விரலில் ரத்தம் வரும்.

தராசு:
எடை குறையவில்லை அக்கா. நிறுத்துப் பார்த்தேன்.

ஹேமர் அக்கா:
எவ்வளவு?

தராசு:
174.