மெல்லிய கையெழுத்துச் சாயல் எழுத்துருக்கள்: உங்கள் அனுபவம் என்ன?

முதல் பகிர்வு:
ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட் என்ற எழுத்துருவில் அமைத்த திருமண அழைப்பிதழ் அது. கருநீலப் பின்னணியில் பெயர்கள் வெள்ளையாக வரவேண்டும். அச்சாகி வந்தபோது மெல்லிய கோடுகள் அனைத்தையும் மை மூடியிருந்தது. தடித்த கோடுகள் மட்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே நின்றன. மணமகள் அட்டையைக் கண்ணருகே கொண்டுசென்று, பின்னர் தள்ளிப் பிடித்து, தம் பெயரைத் தேடிய அந்தக் கணம் இன்றும் என்னை உறுத்துகிறது. இத்தகைய எழுத்துருக்கள் அச்சுக்கு உகந்தவை அல்ல என்றே எண்ணுகிறேன்.

இரண்டாம் பகிர்வு:
எனக்கு நேர்ந்தது வேறு. நான் ஸாப்ஃபினோ என்ற எழுத்துருவில் அமைத்துக் கொடுத்த பெயர்ப்பலகையில், இன்னும் கம்பீரமாகத் தெரியட்டும் என்று வாடிக்கையாளர் ஆங்கிலப் பெயர் முழுவதையும் பெரிய எழுத்துகளாக மாற்றிவிட்டார். ஒவ்வொரு எழுத்தின் சுழிப்பும் அடுத்த எழுத்தின் மேல் ஏறியது. திறப்பு விழாவுக்கு வந்த முதியவர் ஒருவர் பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இது எந்த மொழி?" என்று உண்மையாகவே கேட்டார். அதன் வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1998இல் வெளிவந்த அந்த எழுத்துருவில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்களை வரைந்து வைத்தது, அண்டை எழுத்துக்கு ஏற்ப அவை இசைந்து வருவதற்காகத்தான். அந்த உழைப்பு அத்தனையும் அங்கே வீணாயிற்று.

மூன்றாம் பகிர்வு:
முதல் பகிர்வின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இந்த வடிவங்கள் அச்சிலேயே வளர்ந்தவை. 18ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் பிக்கம் செப்புத் தகட்டில் செதுக்கிய எழுத்துகளைத் தழுவியே ரிச்சர்ட் லிப்டன் 1997இல் அடோபி நிறுவனத்துக்காக பிக்கம் ஸ்கிரிப்ட் எழுத்துருவை உருவாக்கினார். செப்புத் தகட்டில் எழுத்தின் பள்ளத்திலேயே மை தங்கும். ஆகவே எவ்வளவு மெல்லிய கோடும் தாளில் பதியும். வெள்ளை எழுத்தில் நிலைமை தலைகீழாகிறது: அங்கே எழுத்து என்பது மை படாத தாள்தான், சுற்றியுள்ள மை இருபுறமிருந்தும் கோட்டுக்குள் பரவுகிறது. கருநீலம் பல மைகள் சேர்ந்து உருவாகியிருந்தால், ஒவ்வொரு மைக்கும் உரிய அச்சுத் தகடுகளில் ஒன்று சற்றே விலகினாலும் கோடு மறைந்துவிடும். அழைப்பிதழைக் கெடுத்தது பின்னணிதான், எழுத்துரு அன்று.

வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் பின்னணியை ஒரே தனி மையில் அச்சிடுங்கள். எழுத்தின் அளவைக் கூட்டுங்கள். மையை உறிஞ்சிப் பரப்பும் பூச்சற்ற தாளைத் தவிருங்கள். மாதிரித் தாளைத் திரையில் பெரிதாக்கிப் பார்ப்பதால் பயனில்லை, உண்மையான அளவில் அச்சிட்டுக் கையில் வாங்கிப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடைவெளி விடவே கூடாது, ஏனெனில் ஓர் எழுத்தின் வால் அடுத்ததைத் தொடும் இடத்தில்தான் கையெழுத்தின் ஓட்டம் பிறக்கிறது. பெயருக்கு மட்டும் இந்த எழுத்துருவை வைத்துக்கொண்டு, நாள், நேரம், முகவரி ஆகியவற்றை எளிய எழுத்துருவுக்கு விட்டுவிடுங்கள்.

முதல் பகிர்வை எழுதியவர்:
பின்னணி நான்கு மைகளில்தான் அச்சாகியிருந்தது. ஆயினும் 12 புள்ளி (பாயிண்ட்) அளவில் இந்த எழுத்துருவை நான் இனி எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.