50 கி.மீ.யிலிருந்து 200: கிளப் ரைடுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி:
ஞாயிறுதோறும் 50 கி.மீ. சைக்கிள் ஓட்டுகிறேன். கிளப்போடு 200 போக ஆசை. ஆனால் 60 தாண்டினால் உள்ளங்கை மரத்துப்போகிறது, காலில் தெம்பே இருப்பதில்லை. எப்படிக் கூட்டுவது?

பதில் 1:
வாரம் ஒரு நீண்ட ரைடு, இரண்டு சின்ன ரைடு போதும். நீண்டதை வாரத்துக்கு 10 கி.மீ. கூட்டுங்கள், நான்காவது வாரம் பாதியாகக் குறையுங்கள். உடம்பு தேறுவது அந்த வாரத்தில்தான். 140 சிரமமில்லாமல் வந்தால் 200க்குப் பெயர் கொடுக்கலாம். பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடுந்தூர சைக்கிள் ரைடு) என்றால் 200க்கு 13 மணி 30 நிமிடம் அவகாசம். நிற்கும் நேரமும் அதில் சேர்த்தி. வேகத்தைவிட, கடைகளில் உட்கார்ந்துவிடுவதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

பதில் 2:
தெம்பு போவது பெரும்பாலும் சாப்பிடாததால். பசி எடுத்தபின் சாப்பிட்டால் தாமதம். முதல் மணியிலிருந்தே மணிக்கு 40–60 கிராம் மாவுச்சத்து உள்ளே போகவேண்டும். ஒரு வாழைப்பழம் அதில் பாதிதான். தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயிலில் இன்னும் கூட, கொஞ்சம் உப்போடு.

பதில் 3:
கை மரத்தால் முதலில் சீட்டைப் பாருங்கள். முனை கீழே சாய்ந்திருந்தால் உடம்பு முன்னால் வழுக்கி, பாரமெல்லாம் உள்ளங்கையில் இறங்கும். மட்டமாக்குங்கள். முழங்கையை விறைப்பாக நீட்டாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து மறக்காதீர்கள்: கூட்டத்தில் உங்கள் முன்சக்கரம் முன்னவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழையவே கூடாது. அவர் ஒரு குழிக்கு விலகினாலும் சக்கரம் உரசும். விழுவது பின்னால் வருபவர்தான்.