புதுப்பிப்பு: தொட்டி எலுமிச்சையில் தளிர் மஞ்சளாவது நின்றுவிட்டது

மாடியில் 18 அங்குலத் தொட்டியில் உள்ள எலுமிச்சையில் புதுத் தளிர் மட்டும் மஞ்சளாகிறது, நரம்பு பச்சையாகவே நிற்கிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

தழைச்சத்து (நைட்ரஜன்) உரமான யூரியா போட்டது பலிக்கவில்லை. தழைச்சத்து குறைந்தால் அடியிலைதான் முதலில் வெளுக்கும், தளிர் அல்ல. இரும்புச்சத்துக் குறை, போர்வெல் தண்ணீரின் காரத்தன்மைதான் காரணம் என்று சொன்னவரின் கணிப்பே சரி. மண்ணின் பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு; 7-க்கு மேல் காரம்) 8.2 இருந்தது. அந்த அளவில் அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மண்ணில் போட்டால் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடும். இடிடிஏ (EDTA) என்ற சேர்மத்தோடு பிணைத்து விற்கும் இரும்பும் நிலைக்காது. கார மண்ணிலும் நிலைக்கும் இடிடிஎச்ஏ (EDDHA) வகை இரும்பு 5 கிராமை 2 லிட்டர் நீரில் கரைத்து, ஈர மண்ணில் மாலையில் ஊற்றினேன். வெயில் பட்டால் அது சிதையும். மூன்றாம் வாரத் தளிர் முழுப் பச்சை. பழைய இலைகள் பாதிதான் தேறின.

எதிர்பாராதது: வடிகால் துளையை வேர் அடைத்திருந்தது. நீர் தேங்கினாலும் வேர் இரும்பை எடுக்காது, அதனால் துளையை முதலில் பாருங்கள். இன்னொன்று, புதுத் தளிருக்கு எலுமிச்சை வண்ணத்துப்பூச்சிப் புழு வந்துவிட்டது. சிறிதாக இருக்கையில் பறவை எச்சம் போலவே தெரியும். கையால் பொறுக்கினால் போதும், மருந்து வேண்டாம்.