மறு: டிஸ்இன்ஃப்ளேஷன் – வடிதலா, தணிவா?

அனைவருக்கும் வணக்கம். விலையேற்றத்தின் வேகம் குறைவதை ஆங்கிலத்தில் 'டிஸ்இன்ஃப்ளேஷன்' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில் இது.

> வீக்கம் என்றால் வடியத்தானே வேண்டும்? 'பணவீக்க வடிதல்' என்றே வைத்துவிடலாம். கேட்டதும் புரியும்.

கேட்டதும் புரியும், சரி. என்ன புரியும் என்பதில்தான் சிக்கல். கால் வீக்கம் வடிந்தது என்றால் கால் பழைய அளவுக்கு வந்துவிட்டது என்று பொருள். டிஸ்இன்ஃப்ளேஷனில் விலை பழைய இடத்துக்குத் திரும்புவதே இல்லை. ஏறிக்கொண்டேதான் இருக்கும், ஏறும் வேகம் மட்டும் குறையும்.

இலங்கைக் கணக்கைப் பாருங்கள். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டம்பரில் ஆண்டுப் பணவீக்கம் 69.8 சதவீதம், 2023 செப்டம்பரில் 1.3. அதாவது 2021 செப்டம்பரில் 100 ரூபாய்க்குக் கிடைத்த சாமான் ஓராண்டில் ஏறக்குறைய 170 ரூபாய், அதற்கடுத்த ஆண்டில் 172. இதற்குப் போய் 'விலைவாசி வீழ்ச்சி' என்று தலைப்புப் போட்டால், பையோடு சந்தைக்குப் போய் வந்தவர் அடிக்க வருவார். 2024 செப்டம்பரில் அதே பணவீக்கம் மைனஸ் 0.5 ஆனது. அப்போதுதான் 172 என்பது 171 ஆகிறது. இது டிஃப்ளேஷன். இதற்குப் பணவாட்டம், பணச்சுருக்கம் என்று ஏற்கெனவே இரண்டு சொற்கள் புழக்கத்தில் உள்ளன. 'வடிதல்' பொருந்துவதும் இங்கேதான், டிஸ்இன்ஃப்ளேஷனுக்கு அல்ல.

என் வாக்கு 'பணவீக்கத் தணிவு'க்கு. சூடு தணிகிறது, கோபம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது. ஒன்றின் கடுமை குறைவதைச் சொல்ல நம்மிடம் உள்ள வினை அது. தணிந்தது என்றால் முற்றிலும் போய்விட்டது என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

> பத்திரிகைகள் எழுதும் 'பணவீக்கக் குறைப்பு' போதாதா?

போதாது. குறைப்பு என்றால் யாரோ குறைக்கிறார்கள். விலையேற்றத்தை அடக்க இந்திய ரிசர்வ் வங்கி 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரெப்போ விகிதத்தை, அதாவது வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 4 சதவீதத்திலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏற்றியதே, அந்த மாதிரி நடவடிக்கைக்குக் 'குறைப்பு' சரி, 'தணிப்பு' இன்னும் சரி. விளைச்சல் பெருகி, தக்காளி வரத்து கூடி, விலையேற்றம் தானாக அடங்கினால் அது தணிவு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். தன்வினை, பிறவினை என்று பிரித்துச் சொல்ல நமக்கு வசதி இருக்கும்போது அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

'பணத் தளர்வு' என்றும் ஒருவர் முன்மொழிந்திருந்தார். வேண்டாம். வட்டியைக் குறைத்துப் பணப்புழக்கத்தைக் கூட்டும் கொள்கையைத்தான் 'தளர்வு' என்று எழுதிவருகிறோம். கிட்டத்தட்ட எதிர்ப்பொருள் வந்துவிடும்.

அப்புறம், சொல்லை முடிவுசெய்தாலும் வாக்கியத்தில் கோட்டை விடுகிறோம். பணவீக்கம் 7 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தால் '5 சதவீதமாகத் தணிந்தது' என்று எழுத வேண்டும். அந்த 'ஆக' விழுந்து '5 சதவீதம் தணிந்தது' என்று அச்சானால் மீதி 2 சதவீதம் என்று வாசகர் கணக்குப் போடுவார். '2 சதவீதம் தணிந்தது' என்பதும் தப்பு. தணிந்தது 2 சதவீதப் புள்ளிகள். விகிதமாகப் பார்த்தால் அது 28 சதவீதத்துக்கும் மேல். 'சதவீதப் புள்ளி' நீளம் என்று சிலர் புள்ளியைக் கழற்றிவிடுகிறார்கள். தலைப்பில் இடமில்லையென்றால் '7லிருந்து 5க்கு' என்று போடட்டுமே, அது இன்னும் சின்னது.

இணைய அகராதியான விக்சனரியில் ஏற்றுவதற்கு முன் பொருளியல் கற்பிப்பவர்கள் யாராவது 'தணிவு'க்கும் 'தணிப்பு'க்கும் மறுப்பு இருந்தால் சொல்லுங்கள். விழுந்த விலைவாசியைக் கொள்கையால் மீண்டும் ஏற்றுவதைச் சொல்லும் 'ரிஃப்ளேஷன்' இன்னும் பாக்கி. அதற்குத் தனி இழை தொடங்கலாம்.