ஹைடல்பெர்க் அருகே படியேறாமல் தங்கக்கூடிய கோட்டை விடுதி: உதவி தேவை

வணக்கம். செப்டம்பர் 12 முதல் 14 வரை, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகருக்குக் கிழக்கே நெக்கார் ஆற்றங்கரைக் குன்றின் மேலுள்ள பழைய கோட்டை ஒன்றில் இயங்கும் சொகுசு விடுதியில், பெற்றோருக்கும் எனக்குமாக இரண்டு அறைகள் பதிவு செய்திருக்கிறேன். இரு முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்ட அம்மாவால் பத்துப் படிகளுக்கு மேல் ஏற இயலாது. எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அறைகளோ, குறுகிய சுழல் கற்படிகளின் வழியே மட்டுமே செல்லக்கூடிய கோபுரப் பகுதியில் இருப்பதாக இப்போதுதான் தெரிவிக்கிறார்கள்.

தரைத்தள அறை கேட்டு மின்னஞ்சல் அனுப்பினேன். உறுதி தர முடியாது என்று பதில் வந்தது. தொலைபேசியில் கேட்டபோது, பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னம் என்பதால் மின்தூக்கி அமைக்க அனுமதி இல்லை என்றார்கள். அது நியாயமான காரணம்தான், ஆனால் முன்பதிவுப் பக்கத்திலேயே சொல்லியிருக்கலாம். முன்பதிவுத் தளமோ விடுதியையே கேட்கச் சொல்கிறது. ஆகஸ்ட் 20 வரை கட்டணமின்றி ரத்து செய்யலாம்.

1689, 1693 ஆம் ஆண்டுகளில் பிரெஞ்சுப் படைகள் தகர்த்த ஹைடல்பெர்க் கோட்டைக்குக் கோர்ன்மார்க்ட் சதுக்கத்திலிருந்து மலை ரயிலில் சென்றுவிடலாம் என்பதால், ஊர் சுற்றுவதில் கவலையில்லை, தங்குமிடம்தான் சிக்கல். எங்களிடம் கார் இல்லை. ஹைடல்பெர்க்கிலிருந்து எஸ்-பான் என்னும் புறநகர் ரயிலிலும், நிலையத்திலிருந்து டாக்சியிலும் செல்வோம். ஓர் இரவுக்கு, அறைக்கு 250 யூரோ வரை செலவிட முடியும்.

நெக்கார் பள்ளத்தாக்கில், டாக்சி வாசல் வரை செல்லக்கூடியதும், மின்தூக்கியோ தரைத்தள அறையோ உள்ளதுமான கோட்டை விடுதி எதிலாவது நீங்கள் நேரில் தங்கியிருக்கிறீர்களா?