ஹாலோ பாடி கிட்டாரில் ஜி ஸ்வரம் மட்டும் ஊளையிடுகிறது, உதவுங்கள்

வணக்கம். என்னிடம் இருப்பது கிப்சன் இ.எஸ். 175 பாணியில் செய்த முழு ஹாலோ பாடி (உள்ளே கட்டை இல்லாமல் பெட்டிபோல் வெற்றாக இருக்கும் எலக்ட்ரிக் கிட்டார்). லேமினேட் மேப்பிள் மேல்பலகை, இரண்டு எஃப் துளை, மிதக்கும் பிரிட்ஜ் (மேல்பலகையில் ஒட்டாமல் கம்பிகளின் அழுத்தத்தில் நிற்கும் தாங்கி), இரண்டு ஹம்பக்கர் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்குபவை), ஃபிளாட்வவுண்ட் (தட்டையான சுற்றுள்ள) கம்பிகள்.

ஜூன் மாதம் டிரம்ஸ் உள்ள குழுவில் சேர்ந்ததிலிருந்து தொல்லை. சென்னையில் ஒரு சின்ன ரிஹர்சல் ரூம். டியூப் ஆம்ப்பில் வால்யூம் நாலைத் தாண்டினால், ஆறாம் கம்பி மூன்றாம் ஃபிரெட்டின் ஜி (சுமார் 98 ஹெர்ட்ஸ்) தானாக எழும்புகிறது; அதாவது ஃபீட்பேக், ஆம்ப்பின் சத்தம் கிட்டாரை அதிரவைத்து மறுபடி ஆம்ப்புக்கே போய்ச் சுழல்வது. கம்பிகளை அமுக்கினாலும் அடங்கவில்லை. மேல்பலகையில் உள்ளங்கையை வைத்தால்தான் நிற்கிறது. கீச்சென்ற சத்தம் இல்லை, அதனால் பிக்கப்பில் கோளாறு இருக்காது என்றே நினைக்கிறேன்.

ஆம்ப்பை நாற்காலிமேல் ஏற்றினேன், பக்கவாட்டில் தள்ளி நின்றேன், பாஸைக் குறைத்தேன். ஈக்யூவில் (ஒலியின் அலைவரிசைகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 100 ஹெர்ட்ஸை வெட்டியதும் சத்தமே மெலிந்துபோனது. எஃப் துளைகளை ஃபோமால் அடைத்ததில் ஓரளவு பலன் உண்டு, போதவில்லை.

கிப்சன் இ.எஸ். 335 வகைக்கு மாறச் சொல்லாதீர்கள். 1958-ல் வந்த அந்த மாடலில் நடுவே மேப்பிள் கட்டை இருப்பதால் ஃபீட்பேக் குறைவுதான்; ஆனால் கம்பியை மீட்டியதும் பெட்டி முழுக்க அதிரும் அந்த மரச்சத்தம் எனக்கு வேண்டும்.

பிரிட்ஜுக்கு நேர் கீழே, வயலினில் உள்ளதுபோல் சவுண்ட்போஸ்ட் (மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே நிற்கும் சின்ன மரக்குச்சி) வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்: ஃபீட்பேக் அடங்கிய பிறகும் அந்தச் சத்தம் மிஞ்சுகிறதா?